ஈச் என்ற சொல்லுக்கு நான் சொன்ன அர்த்தம்

எங்கள் வீட்டுக்கு வரும் ஆங்கிலக் காகிதம் எதுவாக இருந்தாலும் என் கைக்குத்தான் வரும். திராட்சைக்கு அடிக்கும் மருந்துப் புட்டியின் லேபிள், மோட்டார் ஸ்டார்ட்டரோடு வந்த சிறு புத்தகம், சொட்டுநீர்க் குழாய் விற்றவர்கள் கொடுத்த உத்தரவாதச் சீட்டு என எதையும் என் கணவர் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார். "நீ படிச்சுச் சொல்லு" என்று அடுப்படி மேடையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். பக்கத்துத் தோட்டக்காரர்களும் வருவார்கள். நான் சின்னமனூரில் பிறந்து, உத்தமபாளையத்தில் ஆங்கில இலக்கியம் படித்து, ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்து வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். படித்த படிப்புக்கு நான் பார்த்த ஒரே வேலை இதுதான். எனக்கு அது பிடித்தும் இருந்தது. யாராவது காகிதத்தோடு வாசலில் நின்று "அக்கா இருக்காகளா?" என்று கேட்டால் உள்ளுக்குள் ஒரு நிமிர்வு வரும். அந்த நிமிர்வை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அது ஒரு சித்திரை மாதம். எங்கள் கிணற்றில் தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருந்தது. காலையில் அரைமணி நேரம் மோட்டார் ஓடினால் அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டும். கொடியில் காய் பிடித்திருந்த நேரம். கிணற்றை இன்னும் பத்தடி வெட்டுவது என்று முடிவெடுத்து ஆட்களைக் கூப்பிட்டோம். ஆறு பேர் வந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க மேஸ்திரி ஒருவர், கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர், கீழே இறங்கி வெட்டுகிற ஆட்கள் மூன்று பேர். ஆறாவது ஒரு பெண். கீழே வெட்டுகிறவர்களில் ஒருவருடைய மனைவி. முப்பது வயது இருக்கும். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். மேலே வருகிற பாறைச் சில்லுகளைக் கவிழ்த்துவிடுவதும், கீழே உள்ளவர்களுக்கு விசில் கொடுப்பதும் அவள் வேலை.

முதல் நாளே மேஸ்திரி எங்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். "கெணத்தோரமா நின்னு யாரும் கத்தக் கூடாது. கூச்சல் கேட்டா ஆபரேட்டரு பதறிப்போயி பிரேக்கைப் போட்டுருவாரு. பாரம் தொங்குறப்ப சடார்னு நிறுத்துனா அந்தக் குலுக்கல்லயே சங்கிலி அந்துரும். என்ன அவசரம்னாலும் இந்தப் பிள்ளைகிட்டச் சொல்லுங்க. அது விசில் குடுக்கும்."

கிணறு எண்பதடி. கல்படி பாதி ஆழம் வரைதான், அதற்குக் கீழே கயிற்று ஏணி. பாறைச் சில்லை அள்ளி மேலே ஏற்ற ஒரு பெரிய இரும்பு வாளி இருந்தது. அதை அவர்கள் பக்கெட்டு என்பார்கள். ஆள் உள்ளே உட்கார்ந்தால் தலை மட்டும்தான் தெரியும். கிரேனின் கொக்கியில் அந்த பக்கெட்டைச் சங்கிலி போட்டு மாட்டியிருந்தார்கள். நான்காம் நாள் சங்கிலியின் ஒரு வளையம் தேய்ந்திருப்பதை மேஸ்திரி பார்த்துவிட்டார். அதிலிருந்து பாதி பக்கெட்டுதான் ஏற்றினார்கள். வேலை ஊர்ந்தது. மறுநாள் சாயங்காலம் அவர் தேனிக்குப் போய் ஒரு கடையில் சங்கிலிக்குப் பதிலாக இரண்டு பெல்ட்டு வாங்கிவந்தார். பாரம் தூக்குகிற மஞ்சள் நிறத் துணி பெல்ட்டு, உள்ளங்கை அகலம், இரண்டு முனையிலும் கொக்கியில் மாட்டக் காது வைத்துத் தைத்தது. ஒரே பைக்குள் இரண்டும் இருந்தன. பையோடு ஒரு துண்டுச்சீட்டு.

அடுத்த நாள் காலை என் கணவரும் மாமியாரும் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். மாமியார் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தார். ஆட்களுக்குச் சமைக்க வேண்டியிருந்ததால் நான் போகவில்லை. தோட்டத்தில் நானும் கிணற்று ஆட்களும்தான். நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி அடுப்படி ஜன்னலுக்கு வந்து நின்றார். அந்தப் பெண்ணும் சாப்பாட்டுத் தூக்கோடு பக்கத்தில் நின்றாள்.

"தாயி, இதுல எம்புட்டுத் தாங்கும்னு போட்டிருக்கா பாரு."

என் இரண்டு கையிலும் மாவு. சீட்டை அவரே ஜன்னல் கம்பிக்கு வெளியிலிருந்து பிடித்துக் காட்டினார். பையில் மடங்கிக் கிடந்த மடிப்போடு, பாதியாக. நான் எட்டிப் பார்த்தேன். சின்ன எழுத்து. எங்கேயோ அச்சடித்த மட்டமான ஆங்கிலம். நடுவில் எண் தெரிந்தது. ஐநூறு கிலோ. அதற்கு அடுத்து, வரியின் கடைசியில், ஈச்.

"ஒவ்வொண்ணும் ஐநூறு கிலோ தாங்கும்" என்றேன்.

"அப்ப ரெண்டுக்குமா ஆயிரம்."

"ஆமா."

"ரொப்பி ஏத்துனாலும் எண்ணூறு, தொள்ளாயிரம்தான் வரும். சரியாப் போச்சு" என்று அவர் சீட்டை ஜன்னல் கம்பியிலேயே சொருகினார்.

அந்தப் பெண் கேட்டாள். "அது எப்படிக்கா ஒவ்வொண்ணும்னு கண்டுபிடிச்சீக? ஐநூறுன்னுதான போட்டிருக்கு?"

"பக்கத்துல ஈச்னு இருக்குல்ல. அதுக்கு அர்த்தமே அதான். நீ வந்து ஆளுக்கு ரெவ்வெண்டு இட்லி வையிங்கக்கான்னு கேக்குற. மொத்தமே ரெண்டு இட்லின்னா அர்த்தம்? ஒவ்வொரு ஆளுக்கும் ரெண்டு. அது மாதிரி."

அவள் சிரித்தாள். "ஆளுக்கு ரெண்டு பத்தாதுக்கா. நன்னாலு வையிங்க."

நானும் சிரித்தேன். ஒரு சொல்லை நன்றாக விளக்கிவிட்ட திருப்தியோடு அடுத்த ஈடு ஊற்றினேன்.

பதினோரு மணி வாக்கில் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு ஜன்னலைத் துடைத்தேன். சீட்டு அங்கேயே இருந்தது. பறந்துவிடப் போகிறது, பத்திரமாக வைக்கலாம் என்று எடுத்தேன். எடுத்த கையோடு மடிப்பு விரிந்தது. மேல் பாதியை ஏற்கெனவே படித்தாகிவிட்டது. கீழ்ப் பாதியைச் சும்மா பார்த்தேன். அடுத்த வரியின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நாலே எழுத்து. பேர். ஜோடி.

ஐநூறு கிலோ, ஒவ்வொரு ஜோடிக்கும்.

முதலில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. திரும்ப மேலிருந்து படித்தேன். பிறகு அந்த இரண்டு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். தனியாக ஒரு பெல்ட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. சந்தேகமே இல்லை. இரண்டு பெல்ட்டும் சேர்ந்தே ஐநூறுதான் தாங்கும். அவர்கள் எண்ணூறும் தொள்ளாயிரமும் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். காலை ஏழரை மணியிலிருந்து. நான் சொன்னேன் என்று.

தமிழில் ஒவ்வொரு என்று சொல்லி நிறுத்தினால் கேட்கிறவர் விட மாட்டார். ஒவ்வொரு என்ன என்று கேட்பார். அந்தச் சொல் அடுத்த சொல்லுக்குக் கை நீட்டிக்கொண்டே நிற்கும். ஒவ்வொன்றும் என்றால்தான் அது முடிந்த பேச்சு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஈச் என்ற ஒரே சொல். பின்னால் வேறு சொல் வந்தால் ஒவ்வொரு. எதுவும் வராவிட்டால் ஒவ்வொன்றும். பின்னால் ஏதாவது வருகிறதா என்று பார்ப்பதைத் தவிர அதைக் கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது. நான் பார்க்கவில்லை. இதெல்லாம் பின்னால் பல நாள் உட்கார்ந்து யோசித்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தொங்குகிற பக்கெட்டுக்கு நேர் கீழே மூன்று பேர் நிற்கிறார்கள்.

மேஸ்திரிக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. கிரேன் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. என்ன நினைத்தேனோ, என் கணவருக்குப் போட்டேன். எடுத்தார். அந்தப் பக்கம் கொட்டுச் சத்தமும் குலவைச் சத்தமும்தான் கேட்டன.

"பெல்ட்டு தப்பு, நான் தப்பாப் படிச்சுட்டேன்" என்று கத்தினேன்.

"என்னது? ஒண்ணுமே கேக்கல. அம்மா சட்டி எடுத்துட்டாக. பெறகு பேசு!"

போனை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. செருப்பில்லாமல் ஓடினேன்.

கிணறு தோட்டத்தின் மறுகோடியில். போக வேண்டுமானால் திராட்சைப் பந்தலுக்கு அடியில்தான் போக வேண்டும். பந்தல் ஓர் ஆள் உயரம்தான். காய்ப்புக் காலத்தில் குலைகள் இன்னும் தாழத் தொங்கும். குனிந்துகொண்டே ஓடினேன். ஓடுகிறேன் என்று நினைத்தேனே தவிரக் கால் பின்னிக்கொண்டுதான் போனது. தலை ஒரு கம்பியில் இடித்தது. பந்தலுக்கு அடியில் எப்போதும் இருக்கும் அந்தக் குளிர்ந்த இருட்டில் கிரேனின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பாரம் ஏறும்போது அந்த எஞ்சின் முக்கும். இறங்கும்போது லேசாகும். நான் ஓட ஓட அது முக்கத் தொடங்கியது. இப்போது ஏற்றுகிறார்கள். அந்தச் சத்தம் பாதியில் மாறினால், ஓர் இரும்புச் சத்தம் கேட்டால், பிறகு ஒன்றுமே கேட்காமல் போனால். காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பொத்தவும் பயமாக இருந்தது.

வெளிச்சத்துக்கு வந்தபோது எல்லாம் வழக்கம்போல இருந்தது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. ஆபரேட்டர் கிரேனில் உட்கார்ந்து வடம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி எதிர்ப்பக்கம் மண்மேட்டில் முதுகைக் காட்டி நின்றார். அந்தப் பெண் கிணற்றின் விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விளிம்புக்குப் போய்க் கீழே பார்த்தேன். பக்கெட்டு தரையை விட்டு இருபதடி எழும்பியிருந்தது. கூம்பாக ரொப்பியிருந்தார்கள். இரண்டு மஞ்சள் பெல்ட்டும் இழுத்துக் கட்டிய கம்பிபோல விறைத்திருந்தன. பக்கெட்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்தது. அதற்கு அடியில் மூன்று தலை.

நிறுத்து என்று கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். சத்தம் தொண்டை வரை வந்துவிட்டது. அப்போதுதான் மேஸ்திரி முதல் நாள் சொன்னது நினைவுக்கு வந்தது. சடார்னு நிறுத்துனா அந்தக் குலுக்கல்லயே அந்துரும். கத்தாவிட்டால் தானாக அறுந்து விழலாம். கத்தினால் என் கூச்சலே அறுத்துவிடலாம். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றேன். அப்படி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அந்தச் சில நொடிகளை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். காலையில் செய்தது தவறு. இப்போது எதைச் செய்தால் தவறாகாது என்று தெரியாமல் நின்றது அதைவிடக் கொடுமை.

அந்தப் பெண்ணிடம் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் திரும்பினாள். காதோடு வாயை வைத்துச் சொன்னேன். "கீழ உள்ளவங்கள ஒதுங்கச் சொல்லு. பெல்ட்டு தாங்காது. நான் சொன்னது தப்பு."

அவள் என் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்தாள். ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசிலை வாயில் வைத்து நீளமாக ஒன்று ஊதினாள். மேலிருந்து கல் நழுவினால் கொடுக்கிற விசில் அது. கீழே உள்ளவர்கள் சுவரில் வெட்டியிருக்கும் பொந்துக்குள் ஒதுங்கிவிடுவார்கள். ஆபரேட்டருக்கும் அது பழகின விசில் என்பதால் அவர் பதறவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தினார். அவள் உள்ளங்கையைக் கீழே பார்க்கப் பிடித்து மெல்ல அசைத்தாள். மெதுவா, மெதுவா. எஞ்சின் சத்தம் ஒரு படி இறங்கியது. பக்கெட்டு நிற்காமல் ஊர்ந்து வந்தது.

கீழே இரண்டு பேர் ஒதுங்கிவிட்டார்கள். ஒருவர் ஒதுங்கவில்லை. குனிந்து கடப்பாரையால் ஏதோ நெம்பிக்கொண்டிருந்தார். அது அவளுடைய கணவர். பாறையைத் துளைக்கிற மெஷினைப் பல வருஷம் பிடித்ததில் அவருக்குக் காது மந்தம் என்று அவளே முன்பு சொல்லியிருக்கிறாள். அவள் மறுபடி ஊதினாள். மறுபடியும். அவரோ நிமிரவே இல்லை. பிறகு பொந்துக்குள் இருந்து ஒரு கை நீண்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது. கடப்பாரை விழுந்து கிடந்தது. ஆள் மறைந்துவிட்டார்.

பக்கெட்டு எங்கள் முகத்துக்கு நேரே வந்தது. நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நகர்ந்தோம். கிரேனின் கை மெதுவாகத் திரும்பி, விளிம்பைத் தாண்டி, மண்ணில் பக்கெட்டை இறக்கியது. இறக்கி முடித்த பிறகுதான் பெல்ட்டு தொய்ந்தது. ஆபரேட்டர் எஞ்சினை அணைத்தார். அந்த அமைதியில் என் மூச்சு எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

மேஸ்திரி ஓடிவந்தார். "என்னத்தா? என்ன ஆச்சு?"

சீட்டு என் கைக்குள் கசங்கிப்போயிருந்தது. விரித்துக் காட்டினேன். "ஒவ்வொண்ணுக்கும் ஐநூறு இல்ல. ஜோடிக்கு ஐநூறு. நான் மடிப்பைப் பிரிக்காமப் படிச்சுட்டேன்."

ஆபரேட்டர் இறங்கி வந்தார். கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பத்து வருஷம் வேலை பார்த்தவர். "ஓரோ ஜோடிக்கா?" என்று மலையாளம் கலந்து கேட்டார், ஒவ்வொரு ஜோடிக்குமா என்று. நான் தலையாட்டினேன். அவர் உட்கார்ந்து பெல்ட்டைக் கையால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது. காது வைத்துத் தைத்த இடம். விரல் நீளத்துக்குத் தையல் விட்டிருந்தது. உள்ளே இருந்து வெள்ளை நூல் எட்டிப் பார்த்தது. அவர் அதை மேஸ்திரிக்குக் காட்டினார். மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளங்காலில் முள் ஏறியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

கீழே இருந்த மூன்று பேரும் கயிற்று ஏணியில் ஏறி, கல்படிக்கு வந்து, ஒருவர் பின் ஒருவராக மேலே வந்தார்கள். காது மந்தமான அந்த மனிதர் கடைசியாக வந்தார். என்ன நடந்தது என்று அவருக்குப் புரியவில்லை. மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அவள் அவருடைய தோளில் இருந்த கல்தூசியைத் தட்டிவிட்டாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.

மேஸ்திரி என் பக்கத்தில் வந்து குத்தவைத்தார். "எந்திரி தாயி. நீ மட்டுமா? மடிச்சுப் பிடிச்சுக் காட்டுனது நானு. பிரிச்சுக் காட்டணும்னு எனக்கும் தோணலயே."

நல்ல மனசு. ஆனால் அது எனக்கு ஆறுதலாக இல்லை. அவருக்கு அந்த எழுத்து தெரியாது. தெரிந்தவள் நான்.

மத்தியானம் ஆட்களுக்குச் சோறு போட்டேன். அந்தப் பெண் சாப்பிட வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு நானே போனேன். வேப்பமரத்து நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. "நீங்க படிச்சவுக. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எங்காளு கீழ நின்னாரு. நானும் சிரிச்சுக்கிட்டு மேல நின்னேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். அழுகையும் வரவில்லை. வெறும் தட்டுக்காகக் கொஞ்ச நேரம் நின்றேன். அவள் சாப்பிடவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

பழைய சங்கிலியில் தேய்ந்த வளையத்தை வெட்டி எடுத்து, புது வளையம் போட்டு, மறுபடி பாதி பக்கெட்டாக வேலை நடந்தது. சாயங்காலம் கணவர் திருநீறும் குங்குமமுமாக வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அதான் யாருக்கும் ஒண்ணும் ஆகலைல்ல, விடு" என்றார். சொல்லிவிட்டு மறுநாளே ஒரு மருந்துப் புட்டியை அடுப்படி மேடையில் வைத்தார். பத்து லிட்டருக்கு எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். என்னால் முடியவில்லை. எழுத்து தெரிந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரிந்தது. ஆனால் வரி முடிகிற இடம் வந்ததும் அதைத் தாண்டப் பயமாக இருந்தது. புட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எங்கேயோ ஒரு சொல் ஒளிந்திருப்பதுபோல இருந்தது. கடைசியில், "கடையில கேட்டுக்கங்க" என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர் மகளுடைய ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தபோதும் அப்படித்தான். "கண்ணாடி இல்லண்ணே, எழுத்து தெரியல" என்று பொய் சொன்னேன். நான் கண்ணாடியே போடுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். சீட்டை மடித்துக்கொண்டு போய்விட்டார். போன பிறகு இன்னொரு பயம் வந்தது. நான் படிக்காததால் அவர் வேறு யாரிடமாவது கேட்டு, அவர்கள் தப்பாகச் சொல்லிவிட்டால்? மருந்துக்கடையில் கேளுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். வண்டி போய்விட்டது. போன் போட்டுச் சொன்னேன். "மருந்துக்கடைக்குத்தான் போறேன்" என்றார். அதற்கப்புறம்தான் வாசலை விட்டு உள்ளே வந்தேன்.

கல்லூரியில் எழுதிய இலக்கண நோட்டைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்தேன். ஈச் என்பதற்கு நேராக என் கையெழுத்தில் ஒவ்வொரு என்று மட்டும் எழுதியிருந்தது. அதற்கு அடியில் எவ்ரி. அதற்கு நேராகவும் ஒவ்வொரு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம், எங்கே நிற்கும், முன்னால் வந்தால் என்ன, பின்னால் வந்தால் என்ன, எதுவும் இல்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பதினைந்து வருஷம் ஊருக்கே அர்த்தம் சொல்லியிருக்கிறேன். எத்தனை பேருக்கு எத்தனை தப்பாகச் சொன்னேனோ. எங்கேயெல்லாம் தையல் விட்டதோ. யாரும் வந்து சொல்லவில்லை என்பதற்காக எல்லாம் சரியாக இருந்தது என்று ஆகிவிடாது. அப்படி நினைக்கத் தொடங்கினால் அது முடிகிறதாக இல்லை.

வேலை முடிய இன்னும் ஒன்பது நாள் ஆனது. வடகிழக்கு மூலையில் ஊற்று கண்டது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் விளிம்புக்குப் போகவில்லை. தண்ணீர் வந்த சந்தோஷம் எனக்கும் இருந்தது. ஆனால் அந்த ஆழத்தைப் பார்த்தால் மூன்று தலைகள்தான் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

கடைசி நாள் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் அடுப்படிக்கு வந்தாள். அந்த ஒன்பது நாளும் அவள் என்னிடம் தேவைக்குத்தான் பேசியிருந்தாள். கையில் ஒரு காகிதம். கணவருடைய காதுக்குப் பெரியகுளத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினார்களாம். அவர் எழுதிக் கொடுத்தது.

"படிச்சுச் சொல்லுங்கக்கா."

"வேண்டாம்த்தா" என்றேன். "மருந்துக்கடையில கேளு. என்னைய நம்பாத."

"நம்பிக் கேக்கல. அன்னைக்கு நீங்க ஓடியாந்தீகள்ல, அதுக்காகக் கேக்குறேன்." காகிதத்தை முழுசாக விரித்து மேடையில் வைத்தாள். நான்கு மூலையையும் விரலால் நீவினாள். "மொதல்லருந்து கடைசி வரைக்கும் படிங்க. தெரியாததத் தெரியலன்னு சொல்லிருங்க."

படித்தேன். ஒரு வரி படித்து, அடுத்த வரிக்குப் போய், திரும்ப முதல் வரிக்கு வந்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை. ஓரிடத்தில் டாக்டரின் கிறுக்கல் எனக்குப் புரியவில்லை. தெரியலை என்று சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஆங்கிலக் காகிதத்தைப் பார்த்துப் பொய்யில்லாமல் அந்த வார்த்தையைச் சொன்னேன் என்று நினைக்கிறேன். டாக்டரின் நம்பர் காகிதத்தின் மேலே இருந்தது. என் போனிலிருந்தே கூப்பிட்டுக் கேட்டோம். அங்கே இருந்த நர்ஸ் சொன்னதை அவள் இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு என் நம்பரை வாங்கிக்கொண்டு வண்டி ஏறினாள்.

இப்போது அவர்கள் ஆண்டிபட்டிப் பக்கம் எங்கேயோ கிணறு வெட்டுகிறார்கள். மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ படம் அனுப்புவாள். ஏதாவது ஒரு சீட்டு, ஏதாவது ஒரு டப்பாவின் பின்பக்கம். அவள் பெயரைப் போனில் பார்த்ததும் எனக்கு முதலில் வருவது பயம்தான். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படிப்பேன். தெரிந்ததைப் பேசி அனுப்புவேன். தெரியாததைத் தெரியவில்லை என்பேன். மற்றவர்களுக்கும் இப்போது படித்துச் சொல்கிறேன், ஆனால் காகிதம் என் கைக்கு வந்தால்தான்.

இன்றைக்குக் காலையில் ஒரு படம் வந்தது. புது வடத்தின் கம்பியில் கட்டியிருந்த தகட்டைப் படம் எடுத்திருக்கிறாள். எண் தெரிகிறது. அதற்கு அப்புறம் ஏதோ இருக்கிறது. வலது ஓரம் படத்தில் விழவில்லை. "ஓரம் தெரியலத்தா. முழுசா எடுத்து அனுப்பு. அதுவரைக்கும் யாரையும் கீழ எறங்க விடாத" என்று அனுப்பினேன். ஒரு மணி நேரம் ஆகிறது. அவள் இன்னும் பார்க்கவில்லை. கூப்பிட்டால் மணி அடித்து அடித்து நிற்கிறது. மேஸ்திரிக்கும் கூப்பிட்டுவிட்டேன். கிரேன் ஓடிக்கொண்டிருக்கும். இதை எழுதுகிற நோட்டுக்குப் பக்கத்திலேயே போனை வைத்திருக்கிறேன். மறுபடி கூப்பிடப் போகிறேன்.